சேற்றுக்கு யார் இடம் கொடுப்பது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் மும்பைப் பத்திரிகைகளில் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும். நாலாக்கள் என்கிற பெரிய வடிகால்களில் இத்தனை லட்சம் டன் சேறு எடுத்தாயிற்று, ஊருக்குள் ஓடும் மித்தி நதியில் இத்தனை சதவீதம் முடிந்தது, மிச்சம் மே 31-க்குள் முடிந்துவிடும். மே 31 வரும்போது கணக்கு எப்படியோ நூறைத் தொட்டுவிடும். ஜூனில் முதல் பெரிய மழைக்கு சயானிலும் குர்லாவிலும் தண்ணீர் நிற்கும். உடனே எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: தூர் வாரவே இல்லை, பணத்தைத்தான் வாரினார்கள். அந்தச் சந்தேகத்தைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மித்தி தூர்வாரும் ஒப்பந்தங்களில் சுமார் 65 கோடி ரூபாய் முறைகேடு என்று 2025-ல் மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவே வழக்குப் பதிந்திருக்கிறது. ஆனால் என்னை அரித்துக்கொண்டிருப்பது வேறு கேள்வி. ஒரு பேச்சுக்கு, எல்லோரும் யோக்கியர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சொன்ன டன் அத்தனையும் உண்மையாகவே எடுத்தார்கள், சொன்ன இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அப்போது தண்ணீர் நிற்காதா? நிற்கும் என்பதுதான் என் எண்ணம். இதை வீட்டில் சொன்னால் அடிக்க வருகிறார்கள்.

என் பிழைப்பு நதிகளுக்குக் குறுக்குவெட்டு வரைவது. சர்வே ஆட்கள் கரையிலிருந்து கரைக்கு அளந்து தரும் மட்டங்களை வாங்கி, இந்த இடத்தில் ஆறு இவ்வளவு அகலம், இவ்வளவு ஆழம் என்று கோடு போட்டுத் தருவேன். சில நாட்கள் அவர்களோடு நானும் இறங்குவதுண்டு. மித்தியில் அளவுகோலைப் பிடிப்பதே ஒரு வேடிக்கை. வேறு ஆற்றில் கோலை ஊன்றினால் தரை தட்டும். இங்கே முதலில் கஞ்சி மாதிரி ஒரு கறுப்பு, அதற்குக் கீழே பிளாஸ்டிக் பை, துணி, தேங்காய் நார் எல்லாம் பின்னிக்கொண்ட மெத்தை ஒன்று, அதற்கும் கீழே கொஞ்சம் கெட்டியான சேறு. கோலைப் பிடிக்கிற பையன் எவ்வளவு அழுத்துகிறானோ அவ்வளவு ஆழம். காலையில் தெம்பாக இருக்கும்போது ஆறு ஆழமாக இருக்கும், மதிய வெயிலில் மேடாகிவிடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு கையழுத்தத்தில் ஒரு அடி வித்தியாசம் வந்தால், அதை நீளத்தாலும் அகலத்தாலும் பெருக்கிப் பாருங்கள், எத்தனை டம்பர் லோடு வருகிறது என்று.

சரி, அதை விடுங்கள். எனக்கு உறுத்தலைக் கொடுத்தது வேறு. போன வருடம் தூர் வாருவதற்கு முன் போட்ட கோட்டின் மேல், இந்த வருடம் தூர் வாருவதற்கு முன் போட்ட கோட்டை வைத்தால், பல இடங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றன் மேல் ஒன்று உட்காருகின்றன. நடுவில் எடுத்ததெல்லாம் திரும்ப வந்துவிட்டது. எடுக்கவே இல்லையோ என்று நீங்கள் கேட்கலாம். எடுத்ததைக் கண்ணால் பார்த்த இடங்களைத்தான் சொல்கிறேன். பொக்லைன் தோண்டித் தோண்டிக் கரையில் குவித்தது, குவியலிலிருந்து ஒற்றைச் செருப்புகளும் உடைந்த பிள்ளையாரும் எட்டிப்பார்த்தது, காயட்டும் என்று விட்டு அப்புறம் டம்பரில் ஏற்றியது, தார்ப்பாய் ஓரமாகச் சொட்டிக்கொண்டே போனது, எல்லாம் பார்த்தேன். மறுவருடம் ஆறு பழைய உயரத்துக்கே வந்து நின்றது.

இதற்கு விடை தேடப் போய்த்தான் எரிமலைகளில் மாட்டிக்கொண்டேன். மும்பையே எரிமலைப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர் என்பது அந்தேரி கில்பர்ட் குன்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுமார் 6.6 கோடி வருடப் பழசு. அந்தக் குழம்பு ஆறி அடங்கிவிட்டது, இன்றைக்கு அதனால் நமக்குக் கிடைப்பது ஜல்லியும் குவாரித் தூசியும்தான். நான் படித்தது, நேற்று வெடித்த மலைகளைப் பற்றி.

ஒரு நாள் வெடிப்பு, நாற்பது வருடச் சேறு

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து செயின்ட் ஹெலன்ஸ் மலை 1980 மே 18 காலை எட்டரை மணிக்கு வெடித்தது. வெடித்தது என்பதைவிட, முதலில் சரிந்தது என்பதே சரி. மலையின் வடக்குப் பக்கம் மொத்தமாகப் பெயர்ந்து, சுமார் 2.5 கன கிலோமீட்டர் பாறையும் மண்ணும் வடக்கு டூட்டில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வந்து விழுந்தது. பதிவான வரலாற்றில் அதைவிடப் பெரிய நிலச்சரிவு கிடையாது. மலையின் உயரத்தில் சுமார் 400 மீட்டர் காணாமல் போனது. இருபது கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்குப் பள்ளத்தாக்கு சராசரியாக 45 மீட்டர் தூர்ந்துபோனது. ஐம்பத்தேழு பேர் இறந்தார்கள். அன்றைக்கே புறப்பட்ட சேற்று வெள்ளம் டூட்டிலிலிருந்து கவ்லிட்ஸ் ஆற்றுக்கும், அங்கிருந்து கொலம்பியா நதிக்கும் போய்ச் சேர்ந்தது. கொலம்பியாவின் கப்பல் பாதை 40 அடி ஆழத்திலிருந்து 14 அடியாகக் குறைந்து, போர்ட்லேண்ட் பக்கம் நின்ற கப்பல்கள் கடலுக்குப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டன.

மலை அன்று சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. ஆற்றுக்குத்தான் வேலை ஆரம்பித்தது. ராணுவப் பொறியாளர் பிரிவு வந்து முதலில் செய்தது நாம் செய்வதைத்தான்: தோண்டினார்கள். இரவும் பகலுமாகத் தோண்டிக் கரையில் குவித்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் அந்தக் குவியல்கள் மேடுகளாகவே நிலைத்து, இன்றைக்குப் புல்லும் மரமும் முளைத்து நிற்கின்றன. மேலே ஒரு அவசரத் தடுப்பணையும் போட்டார்கள். அது சீக்கிரமே நிரம்பி, வெள்ளத்தில் உடைந்தது. தோண்டிய பள்ளம் அடுத்த மழைக்குத் தூர்ந்தது. கீழே காஸில் ராக், கெல்சோ, லாங்வியூ என்று ஊர்கள். ஆற்றின் தரை மேலேற மேலேற, வழக்கமான மழைக்கே கரை தாண்டும் நிலைமை.

சேறு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு முதல் அதிர்ச்சி. பார்த்த எல்லோருக்கும் கண்ணில் பட்டது மொட்டையாகிப்போன மலைச்சரிவுகள். சாம்பல் போர்த்திய சரிவில் மழை பெய்தால் அதுதானே அரித்துக்கொண்டு வரும்? ஹெலிகாப்டரில் புல் விதைகூடத் தூவினார்கள், அரிப்பைத் தடுப்பதில் அதனால் பெரிய பலன் ஒன்றும் இல்லை. சரிவுகள் தாமாகவே சில வருடங்களில் அடங்கிவிட்டன. ஐந்தாறு வருடத்தில், வெறும் சாம்பல் விழுந்த சிற்றாறுகள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. அடங்காதது பள்ளத்தாக்கின் அடிவயிறு. அங்கே விழுந்து கிடந்த மண்மேட்டுக்குள் ஆறு புதுசாகத் தனக்கு வழி வெட்டிக்கொண்டிருந்தது. கீழே வெட்டும், கரை செங்குத்தாகும், கரை சரியும், சரிந்ததை அடித்துக்கொண்டு போய் இன்னும் அகலப்படுத்தும். இருபது வருடம் கழித்து அளந்தபோதும் அந்த ஆறு சாதாரண ஆற்றைப் போல நூறு மடங்கு அளவுக்கு வண்டல் சுமந்துகொண்டிருந்தது. காட்சிக்குப் பெரிதாகத் தெரிந்த இடம் வேறு, சரக்கு வந்த இடம் வேறு.

நிரம்புவதற்காகக் கட்டிய அணை

நான் நின்று நின்று படித்தது எண்பதுகளின் நடுவில் நடந்ததைத்தான். வருடா வருடம் தோண்டிக்கொண்டே இருக்கலாம். கரைகளை உயர்த்திக்கொண்டே போகலாம். சின்னச் சின்னத் தடுப்பணைகள் வரிசையாகக் கட்டலாம். அல்லது மேலே ஓர் இடத்தில் ஒரே ஒரு பெரிய தடுப்பு. 1985-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கடைசி வழியை எடுத்தது. 1989-ல் வடக்கு டூட்டில் ஆற்றின் குறுக்கே 56 மீட்டர் உயரத்தில் ஒரு வண்டல் தடுப்பு அணை எழுந்தது.

அணை என்றதும் நம் மனதில் தண்ணீர்தான் வரும். மேட்டூரில் மண் சேர்கிறது என்றால் நாம் வயிற்றில் அடித்துக்கொள்வோம், நியாயமும்தான். இந்த அணைக்கோ மண் சேர்வதுதான் உத்தியோகம். அணையில் வரிசை வரிசையாகக் குழாய்கள் வைத்திருந்தார்கள். தண்ணீர் அவற்றின் வழியாகப் போகும், மண் பின்னால் தங்கும். மண் ஏற ஏறக் கீழ்வரிசைக் குழாய்களை மூடிவிட்டு மேல்வரிசைக்குப் போக வேண்டும். 1998-ல் அதுவும் முடிந்து, ஆறு மொத்தமாக, அணை நிரம்பினால் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் வழிந்தோடி வழியாகப் போக ஆரம்பித்தது. படத்தில் பார்த்தால் அணைக்குப் பின்னால் ஏரி என்று ஒன்றும் இருக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு சமவெளி, அதன் மேல் ஆறு பல பிரியாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடுகிறது. வேகம் குறைகிற இடமெல்லாம் மணலை இறக்கிவிட்டுப் போகிறது.

நான் அதுவரை எந்தத் தூர்வாரும் அறிக்கையிலும் பார்க்காத ஒன்று அந்தச் சமவெளி. சேற்றுக்கென்று ஓர் இடத்தை முன்கூட்டியே குறித்து, இது இனி உன்னுடையது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆற்றில் வருகிற மண் எங்கேயாவது உட்கார்ந்துதான் தீரும், வெட்டி எடுத்ததாலோ கரை கட்டியதாலோ அது இல்லாமல் போய்விடாது. அது எங்கே உட்கார வேண்டும் என்று நாம் முடிவு செய்யவில்லை என்றால் ஆறே முடிவு செய்துகொள்ளும், அது பெரும்பாலும் ஓட்டம் மந்தமாகிற இடம், அதாவது கீழே ஊர் இருக்கிற சமதரை.

இதோடு கதை சுபமாக முடியவில்லை. வழிந்தோடிக்கு மட்டம் ஏறியதும் அணை பிடித்து வைக்கிற அளவு குறைந்தது, கீழே கவ்லிட்ஸில் மறுபடி மணல் சேர்ந்தது, மறுபடி தோண்டல். 2010-ல் அந்தச் சமவெளியில் மரக்கட்டைகளை நட்டுத் தண்ணீரைப் பரவவிட்டு மண்ணை இறங்கவைக்கப் பார்த்தார்கள். 2012-ல் வழிந்தோடியை ஏழு அடி உயர்த்தினார்கள். தேவைப்பட்டால் இன்னும் உயர்த்தத் திட்டம் வைத்திருக்கிறார்கள், கணக்கு 2035 வரை போகிறது. அணையைத் தாண்டி சால்மன் மீன்களால் ஏற முடியாது. அதனால் கீழே பிடித்து லாரியில் ஏற்றி மேலே உள்ள சிற்றாறுகளில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆக, சேற்றுக்கு இடம் கொடுத்ததன் விலையை மீன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

என் தொழில்புத்தி கவனித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கேட்கிற கேள்வி எத்தனை டன் எடுத்தோம் என்பதல்ல. இன்றைய ஆற்றுத் தரையை வைத்துக்கொண்டு, பெரிய வெள்ளம் வந்தால் காஸில் ராக்கிலும் லாங்வியூவிலும் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறும், கரை தாங்குமா என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் திரும்பத் திரும்பக் குறுக்குவெட்டு எடுக்கிறார்கள். எடைக்குக் காசு என்றால் எடைமேடைச் சீட்டைக் கள்ளமாகப் போடத் தோன்றும், மட்டத்துக்குக் காசு என்றால் கோலைப் பிடிக்கிற பையனைக் கவனிக்கத் தோன்றும். திருட்டு இரண்டிலும் உண்டு. ஆனால் இரண்டாவதில் அளக்கப்படுவது ஆறாவது இருக்கும்.

சுவருக்கு உள்ளே யார்

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பிலிப்பைன்ஸையும் படித்துத் தொலைத்தேன்.

அங்கே பினாட்டுபோ எரிமலை 1991 ஜூன் 15-ல் வெடித்தது, அன்றைக்கே புயலும் வந்தது. சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் ஐந்தாறு கன கிலோமீட்டர் சூடான சாம்பலும் நுரைக்கல்லும் கிடந்தன. அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்காலமும் அது லஹாராகக் கீழே இறங்கியது. லஹார் என்றால் சாம்பலும் மணலும் தண்ணீரும் குழைந்து, நனைந்த கான்கிரீட் கணக்காக ஓடுகிற வெள்ளம். அவசர அவசரமாக மணலாலேயே கரைகள் போட்டார்கள். அந்தக் கரைகள் நிற்காது, மக்களைக் கிளப்புங்கள் என்று கெல்வின் ரொடால்ஃபோ போன்ற புவியியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1995 அக்டோபர் 1-ல் பகோலோர் ஊரின் கபாலன்டியன் பகுதி லஹாரில் புதைந்தது. அங்குள்ள சான் கியெர்மோ தேவாலயம் பாதி உயரத்துக்கு மண்ணுக்குள் போய்விட்டது, பழைய ஜன்னல்கள்தான் இன்றைக்கு வாசல்.

அதன் பிறகு 56 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெருங்கரை ஒன்றைக் கட்டினார்கள். பம்பாங்கா மாகாணத் தலைநகரம் சான் ஃபெர்னாண்டோவைக் காப்பாற்றுவது அதன் முக்கிய வேலை, காப்பாற்றியும் விட்டது. பகோலோர் எங்கே இருந்தது என்று வரைபடத்தில் பார்த்தேன். கரைக்கு உள்ளே. லஹாருக்கென்று ஒதுக்கிய இடத்தில். ஊர்க்காரர்கள் விட்டுப் போய்விடவில்லை, புதைந்த வீட்டின் மேல் வீடு கட்டி, தூண் உயர்த்தி, திரும்ப வந்து குடியிருக்கிறார்கள். சேற்றுக்கு இடம் கொடுப்பது என்று நான் அழகாகச் சொன்னதற்கு இதுவும்தான் அர்த்தம்.

அந்த மணலுக்கு ஒரு குணம் உண்டு, கட்டடத்துக்கு ஆகும். பம்பாங்காவில் அதற்குப் பெரிய குவாரி வியாபாரமே உருவானது. எட் பன்லிலியோ என்ற பாதிரியார் 2007-ல் ஆளுநராக ஜெயித்து வந்து வசூலை ஒழுங்குபடுத்தியதும் மாகாணத்துக்கு வருமானம் பல மடங்கு ஏறியது. அதற்கு முன் அந்தப் பணம் எங்கே போனது என்று நம் ஊர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. மித்திச் சேற்றுக்கு அந்த யோகமும் இல்லை. சாக்கடையும் பிளாஸ்டிக்கும் கலந்ததைக் காசு கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

அண்ணாச்சியின் படிக்கட்டு

தாராவியில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர், ஆழ்வார்திருநகரிப் பக்கம் சொந்த ஊர். மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2005 ஜூலை 26 பெருவெள்ளத்துக்குப் பிறகு கடைத்தரையை உயர்த்தினார், தெரு மறுபடி உயர்ந்ததும் இன்னொரு தடவை உயர்த்தினார். இப்போது உள்ளே நிற்கிற ஆள் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ள வேண்டும். அவரிடம் என் டூட்டில் புராணத்தை ஒரு நாள் அவிழ்த்தேன். சேறு வருடா வருடம் வரத்தான் செய்யும், அதற்கு மேலே ஓர் இடம் ஒதுக்க வேண்டும் அண்ணாச்சி என்றேன்.

"எடம் ஒதுக்கணும்னா யார் எடத்த தம்பி ஒதுக்குவான்? கண்ணாடி பில்டிங்க இடிச்சிட்டா ஒதுக்குவான்? நம்ம எடத்தத்தாம்லா பாப்பான்" என்றார். சொல்லிவிட்டு ஒரு பையனுக்கு அரைக் கிலோ பருப்பு நிறுத்துப் போட்டார்.

எனக்குப் பதில் இல்லை, ஏனென்றால் பகோலோரை வைத்துக்கொண்டு அவர் சொன்னதைத்தான் நானும் பயந்துகொண்டிருந்தேன். மித்திக்கு ஒரு காலத்தில் பரவ இடம் இருந்தது. இன்றைய பாந்த்ரா குர்லா வளாகம் நிற்பது ஆற்றோரச் சதுப்பும் அலையாத்தியும் இருந்த தாழ்நிலத்தில். வேகம் குறைந்து ஆறு மண்ணை இறக்கிவைக்கிற இடம் அதுதான். அதை மேடாக்கி விற்றாகிவிட்டது. 2005-க்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். சுவர் எழுந்ததும் மண் இறங்க மிச்சமிருப்பது ஆற்றின் தரை மட்டும்தான், வருடா வருடம் தூர்வாரும் கணக்கு ஓடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இனி யாராவது ஆற்றுக்கு இடம் தேடினால் குர்லா கிராந்தி நகர் குடிசைகளும் எங்கள் பக்கத்து ஓரமும்தான் அவர்கள் கண்ணில் படும். அண்ணாச்சி சொல்வதற்கு ஒரு பொறியாளர் அறிக்கை தேவையில்லை.

அதற்காக என் எண்ணத்தை நான் விட்டுவிடவில்லை. வெறும் வாரலால் ஆகாது என்பதை இன்னும் சொல்கிறேன். ஆனால் இடம் ஒதுக்குவதற்கு முன்னால் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும், டூட்டிலில் மொட்டை மலையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது. மித்தியில் ஆளாளுக்கு ஒரு திசையைக் கை காட்டுகிறார்கள். ஆற்றின் மேல்பக்கம் பவாய்ப் பக்கத்துக் குவாரித் தூசி, ராத்திரியில் கொட்டுகிற கட்டட இடிபாடு, தபேலா என்கிற மாட்டுக் கொட்டகைச் சாணி, சாக்கடை, ஓரத்துக் குடிசைக் குப்பை. இதில் குடிசைக் குப்பைதான் கண்ணில் படுகிறது, அதனால் பழியும் அதற்குத்தான். மாஹிம் முகத்துவாரத்தில் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிற கடல் கொண்டுவருகிற களிமண்ணை யாரும் பேசுவதில்லை, அதற்குச் சொந்தக்காரன் கிடையாதே.

இதைப் பிரித்துச் சொல்ல ஒரு சுலபமான வழி இருக்கிறது. மே கடைசியில் தூர் வாரி முடிந்ததும் ஒரு குறுக்குவெட்டு, மழை நின்றதும் அக்டோபரில் ஒன்று, அடுத்த ஏப்ரலில் ஒன்று. அக்டோபருக்குள்ளேயே ஆறு மேடாகியிருந்தால் மண் வெள்ளத்தோடு மேலிருந்து வந்தது. அக்டோபரில் பள்ளமாக இருந்து ஏப்ரலுக்குள் மேடானால், வெயில் காலத்தில் கடலும் சாக்கடையும் சேர்ந்து நிரப்பியது. முதலாவது என்றால் பவாய்க்குக் கீழே, லாரி போகிற வழியோடு, சின்னச் சின்ன வண்டல் தொட்டிகள் கட்டி அங்கேயே பிடிக்கலாம். இரண்டாவது என்றால் மேலே என்ன கட்டினாலும் வீண். ஒரு ஆற்றின் பிரச்சினையைப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய மூன்று கோடுகள். நான் வேலை செய்கிற இடத்தில் இந்த வருடம் அக்டோபர் அளவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். டெண்டரில் தூர் வாருவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று, அவ்வளவுதான் ஐட்டம், மூன்றாவதற்கு பில் போட முடியாது என்றார்கள்.